மேல்காற்றுப் பக்கம்

பேருந்து திருக்கழுக்குன்றத்தில் நின்றபோது ஓர் இலைகூட அசையவில்லை.

பூக்கடைக்கு மேலே கட்டியிருந்த கட்சிக்கொடி துவண்டு கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஊதுபத்திப் புகை நேராக மேலே எழும்பி, அப்புறம் எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. நான் வலது பக்க இருக்கையிலிருந்து எழுந்து இடது பக்கம் போனேன். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி வலது பக்கம். நடத்துனர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மா, சீட்டு ஒத்துக்கலயா?"

"காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு பாக்கறேங்க."

"இந்த வெய்யில்ல ஏது காத்து. மாமல்லபுரம் வரட்டும், வேணும்ன்ற அளவு வரும். உக்காருங்க."

கத்திரி வெயில் காலம். மதியம் சாய்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டிப்போன லாரியில் குளோரின் கசிகிறது என்று, செங்கல்பட்டில் நான் புரூஃப் பார்க்கும் அச்சகத்துக்குப் போன் வந்திருந்தது. பேசியவர் லாரி ஆபீஸ்காரர். வண்டி கடலோரச் சாலையில் நெம்மேலி பக்கம் நிற்கிறது, உங்கள் வீட்டுக்காரர் போன் அணைந்திருக்கிறது என்றார். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

வண்டியைவிட்டு இறங்கி ஓடியிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தப் பக்கம் ஓடினார் என்பதுதான் தெரியவில்லை. அந்தச் சாலைக்குக் கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி. ஒரு பக்கம் ஓடினால் பிழைக்கலாம். மறுபக்கம் ஓடினால் வாயுவும் கூடவே ஓடிவரும். எது எந்தப் பக்கம் என்று காற்றுதான் சொல்ல வேண்டும். ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று சொல்ல அவருடைய கேபினில் இருந்த அட்டையோ காற்றைக் கேட்காமலேயே ஒரு பக்கத்தைச் சொல்லியிருந்தது.

எதைச் சுமக்கிறாய்

என் வீட்டுக்காரர் முனிரத்தினம் அச்சரப்பாக்கத்துக்காரர். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்ட குடும்பம். இவர் மட்டும் லாரிக்கு வந்தார். முதலில் செங்கல் ஏற்றினார், பிறகு சிமெண்ட், கடைசியில் குளோரின். நாம் குடிக்கிற தண்ணீரில் கிருமி சாக ஒரு துளி விடுகிறார்களே, அதேதான். ஒரு டன் கொள்ளும் இரும்பு உருளைக்குள் அடைந்து பயணம் போகும்போது அது ஆளைக் கொல்லும் நஞ்சு.

அந்த வண்டியை ஓட்ட வெறும் லாரி உரிமம் போதாது. தனி வகுப்புக்குப் போக வேண்டும், உரிமத்தில் தனிக் குறிப்பு வாங்க வேண்டும், அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். முதல் வகுப்பு முடிந்து வந்த அன்று, எங்கள் தெருவில் சமையல் எரிவாயு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தவரோடு வாசலிலேயே சண்டைக்கு நின்றார். "இன்னா இது, டயரா? உருட்டினு வர்ற?" அந்த மனிதர் சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, "நீ புதுசா எதுனா படிச்சிகினு வந்தியா அண்ணாத்த?" என்று கேட்டார். சரியாகத்தான் கேட்டார்.

எனக்கு அந்த விதிகளைப் பிடித்திருந்தது. சாயங்காலம் அவர் ஒப்பிப்பார், நான் வெங்காயம் உரித்தபடி கேட்பேன். ஜனங்கள் கூடுகிற இடத்தில் நிறுத்தாதே. தெரியாதவரை ஏற்றாதே. பக்கத்தில் நெருப்பை அண்டவிடாதே. அட்டையைக் கை எட்டுகிற இடத்தில் வை. எதைச் சுமக்கிறாய் என்பதை ஆரஞ்சுப் பலகையில் வெளியே தெரிகிற மாதிரி எழுதிவை, ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் எழுதிவை.

கடைசி விதி என்னைத் தூங்கவிடவில்லை. மனிதர்களின் முதுகிலும் அப்படியோர் ஆரஞ்சுப் பலகை இருந்தால் எத்தனை விபத்துகள் குறையும் என்று ஒரு வசனகவிதை எழுதினேன். ஒரு சிற்றிதழ் அதைப் போட்டது. முனிரத்தினம் இரண்டு முறை படித்தார். "நம்ம வண்டிய பத்தி எழுதிகீற. நம்ம வண்டி நம்பரப் போடலியே" என்றார்.

ஒரு சொல்

குளோரின் கசிந்த அந்த வாரம்தான் புது அட்டை வந்திருந்தது. சரக்கை அனுப்புகிற கம்பெனி அச்சிட்டுத் தருவது. அதன் பெயர் வேண்டாம். ஓட்டுநருக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதால் ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் தமிழ். சாப்பாட்டுப் பையில் சுருண்டு வந்ததை நான் எடுத்துப் பார்த்தேன். எழுத்து இருக்கிற எதையும் என்னால் சும்மா விட முடியாது. மிக்சர் பொட்டலம் மடித்த தாளில்கூட ஒற்று விட்டுப்போயிருந்தால் கை பேனாவைத் தேடும்.

தமிழ்ப் பக்கத்தில் இப்படி இருந்தது: கசிவு ஏற்பட்டால் மேல்காற்றுப் பக்கம் செல்லவும். கீழ்க்காற்றுப் பக்கம் உள்ளவர்களை அப்புறப்படுத்தவும்.

நான் மறுபக்கம் திருப்பி ஆங்கிலத்தைப் பார்த்தேன். யாரோ நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதை அந்த மொழியில் காற்றின் மேல்புறம் என்பார்கள், ஆற்றுக்குச் சொல்வதுபோல. காற்று போகிற பக்கம் கீழ்ப்புறம். மொழிபெயர்த்தவர் மேலை மேலாகவும் கீழைக் கீழாகவும் போட்டு, அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

"இன்னாங்க, மேல்காத்துன்னா என்ன?"

"மேக்காலேருந்து அடிக்கிற காத்து. ஆடி மாசம் எங்க ஊர்ல வந்து நின்னு பாரு, வேட்டிய அவுத்துகினு பூடும்."

"அப்ப இந்த அட்டை என்ன சொல்லுது?"

"லீக் ஆச்சுன்னா மேக்கால போன்னு சொல்லுது."

"காத்து கடல்லேருந்து வந்தா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"கம்பெனிக்காரன் யோசிக்காமயா போட்டிருப்பான்? நீ கல்யாணப் பத்திரிகைல கொம்பு போடு, கால் போடு. லாரிய நான் பாத்துக்கறேன்."

எனக்கு வந்த கோபத்தில் குழம்புச் சட்டியை ஓசையோடு இறக்கினேன். இது கொம்பும் காலும் இல்லை, ஆள் சாகிற விஷயம் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் தட்டோடு எழுந்து கூடத்துக்குப் போய்விட்டார். மறுநாள் அட்டையின் அடியில் இருந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன். ஒரு பையன் குரல், "நோட் பண்ணிக்கறோம் மேடம்" என்றது. எதை நோட் செய்தான் என்று தெரியவில்லை. என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

தமிழில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. இது எவரோ உட்கார்ந்து தீர்மானித்ததில்லை. மேற்கே மலை, கிழக்கே கடல். மழைத் தண்ணீர் ஓடிய வழியைப் பார்த்துத் திசைக்குப் பெயர் வைத்த ஜனங்கள் நாம். அந்த அழகில் ஒரு குறையும் இல்லை. அதை ஓர் அபாய அட்டையில் கொண்டுபோய் வைக்காதவரை.

அதுவும் எங்கள் கரையில் கோடைக்காற்று ஒரே நாளில் கட்சி மாறும். காலையில் மேற்கேயிருந்து அனல் அடிக்கும். மதியத்துக்கு மேல் கடல் விழித்துக்கொள்ளும்.

காற்றுப்பை

பேருந்தில் உட்கார்ந்து அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இந்தக் கடற்கரைக்கு வந்தவர். அணு ஆராய்ச்சி ஊழியர்களுக்கான நகரியத்தில் எங்கள் வீடு. அங்கே உயர்ந்த கம்பம் ஒன்றில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு துணிப்பை பறந்துகொண்டிருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்டுவதற்கு. எங்கள் வீட்டில் அதன் முக்கிய உபயோகம் துணி உலர்த்துவது. "ஏட்டி, காத்து கீழ இருந்து வருது. சேலைய அந்தக் கொடியில போடு" என்று அப்பா அம்மாவுக்குக் குரல் கொடுப்பார்.

பள்ளியில் எப்போதாவது ஒத்திகை நடக்கும். சங்கு ஊதும், ஜன்னல்களைச் சாத்துவோம், ஆசிரியர் கேள்வி கேட்பார். ஒருமுறை என்னை எழுப்பி, ஆபத்து என்றால் எந்தப் பக்கம் போவாய் என்றார். "வீட்டுக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது.

பேருந்தில் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. கடலோரச் சாலையில் நிற்கிற முனிரத்தினத்துக்கு எங்கள் வீடும் மேற்கேதான். அச்சரப்பாக்கமும் மேற்கேதான். அட்டையும் மேற்கே போ என்கிறது. கால் வேறெங்கே போகும்?

வெள்ளைத் தூசு

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலைவாரிக்கொண்டு நின்றன. சாலையோரச் சிற்பக்கூடங்களில் கல்லறுக்கும் இயந்திரத்திலிருந்து கிளம்பிய வெள்ளைத் தூசு, சாலையைத் தாண்டி மேற்குப் பக்கமாகவே போனது. ஜன்னலில் முகத்தை வைத்தேன். உப்பு. ஈரம். கடல் காற்று நன்றாக ஏறியிருந்தது.

மற்றவர்களுக்கு அது வெயிலுக்கு இதம். பக்கத்து இருக்கைப் பெண் முந்தானையைத் தளர்த்தி, "அப்பாடா" என்றாள். எனக்கு அது தீர்ப்பு. அட்டை தப்பு. மேற்கே போனவர் போனவர்தான்.

அங்கிருந்து வடக்கே ஷேர் ஆட்டோ. போகிற வழியில் எதிரே வண்டிகள் திரும்பி வந்தபடி இருந்தன. தடுப்பு வைத்த இடத்தில் ஆட்டோக்காரர் இறக்கிவிட்டார். ஒரு பெண் காவலர் கையை நீட்டி மறித்தார்.

"அந்தாண்ட போவக் கூடாதும்மா. கேஸ் லீக்கு."

"டிரைவர் எந்தப் பக்கம் போனாரு?"

"எந்தப் பக்கம்னா? நீங்க யாரு?"

"அவரோட வீட்டம்மா."

அவர் முகம் மாறியது. வாக்கிடாக்கியில் பேசினார். கரகரவென்று என்னவோ வந்தது, எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. மறுபடி கேட்டார். மறுபடி கரகரப்பு.

"டிரைவரு, கிளீனரு ரெண்டு பேரும் கடல் பக்கம் கீறாங்களாம். மீன்காரங்க குப்பத்தாண்ட."

"கடல் பக்கமா?"

"கடல் பக்கம்தான்."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். சொன்னார். "கடல் பக்கம் கீறாரும்மா உங்க வீட்டுக்காரரு. மணல் வழியாவே போங்க, ரோட்டுல ஏறாதீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் காட்டிய பக்கம் நடந்தேன்.

படகு நிழலில்

சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் இறங்கியபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். மணல் சுட்டது. அந்தச் சூடு அவ்வளவு நன்றாக இருந்தது.

கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் யாருடைய லுங்கியோ. உடம்பெல்லாம் ஈரம். கண்கள் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. பக்கத்தில் கிளீனர் வரதன், என் வயதுக்காரர், குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்.

"நீ எதுக்கு வந்த? அச்சாபீஸ்ல சொல்லிட்டுதான வந்த?" என்றார் முனிரத்தினம்.

"சொல்லல."

"பூட்டாம வந்துட்டியா வூட்ட?"

"வீட்டுக்கே போகல. இங்கதான் நேரா வந்தேன்."

நான் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தேன். மூச்சு போய்வந்தது. சாதாரணமாக, லாரி ஓட்டுகிறவரின் அகலமான முதுகில், போய்வந்தது.

வரதன்தான் ஆரம்பித்தார். "அண்ணி, உங்க வூட்டுக்காரரு என்ன அடிச்சிட்டாரு."

"அடிக்கல. காலரப் புடிச்சி இழுத்தேன்."

"சட்ட கிஞ்சிபோச்சி."

"உசுரு கீதில்ல?"

நடந்தது இதுதான். ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் பின்னால் சீறுகிற சத்தம். கழிவறை கழுவுகிற பிளீச்சிங் பவுடரின் நெடி, அதைப்போல பத்து மடங்கு. வீடுகள் இல்லாத இடமாகப் பார்த்து முனிரத்தினம் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கி, வண்டிப் பலகையில் எழுதியிருந்த எண்ணைக் கூப்பிட்டுச் சொன்னார். அதற்குள் வரதன் அட்டையை எடுத்து உரக்கப் படித்துவிட்டார்.

"மேக்கால போவச் சொல்லுது அண்ணாத்த" என்று சொல்லி, சாலையைக் கடந்து கழிப் பக்கச் சரிவில் இறங்க ஓடினார். பச்சையும் மஞ்சளுமாக ஒரு மூட்டம் சக்கரத்துக்கு அடியிலிருந்து கிளம்பி, அதே சரிவை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தது.

"அது போவுது, அது பின்னாடியே இவன் போறான்" என்றார் முனிரத்தினம். "சுத்திகினு போயி காலரப் புடிச்சேன். திமிர்றான். அட்டையக் காட்டறான். அதுல என் போனு பூட்ச்சி, கழில உழுந்துச்சோ எங்க உழுந்துச்சோ. இஸ்துகினு இந்தாண்ட வந்துட்டேன்."

"அட்டைல அப்டிதான போட்டுகீது" என்றார் வரதன், இன்னமும் விட்டுக்கொடுக்காமல்.

கழிக்கரையில் வலை வீசிக்கொண்டிருந்த சிலரை இவர்கள் போட்ட கூச்சல் எட்டியது. அவர்கள் பள்ளத்தில் இறங்காமல் வடக்கே கரையோடு ஓடித் தப்பித்தார்கள். குப்பத்துப் பெண்கள் இவர்கள் இருவர்மேலும் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார்கள்.

நான் கேட்டேன். "கடல் பக்கம் வரணும்னு எப்படித் தோணிச்சு?"

"காத்து வந்த பக்கம் நாத்தம் இல்ல. வந்தேன்." குடத்துத் தண்ணீரை அள்ளிக் கண்ணில் விட்டுக்கொண்டார். "நீ சட்டிய இறக்கினியே, அந்தச் சத்தமும் கேட்டுச்சு."

வார்டில் ஒரு மின்விசிறி

வெயில் தாழ்ந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனாலும் இருங்கள் என்றார். தீயணைப்புக்காரர்கள் தண்ணீரைத் திரைபோல அடித்து மூட்டத்தை அமுக்கியிருந்தார்கள். கம்பெனியிலிருந்து முகமூடியும் கருவியுமாக வந்தவர்கள் வால்வை மூடிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை நான் யார் யாரிடமோ கேட்டு, ஒவ்வொருவர் வாயாலும் சொல்லச் செய்தேன்.

கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி வந்தார். முப்பது வயதுகூட ஆகியிராத பெண். தலையில் ஹெல்மெட் அமுக்கிய தடம். முனிரத்தினத்தைப் பாராட்டினார். நான் அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் படித்தார். ஆங்கிலப் பக்கம், தமிழ்ப் பக்கம், மறுபடி ஆங்கிலப் பக்கம்.

"இது இன்னும் எத்தனை வண்டில இருக்கு?" என்றேன்.

"எல்லா வண்டிலயும் மேடம்."

அந்த நிமிஷம்வரை என் பயம் முனிரத்தினத்தின் முதுகளவுதான் இருந்தது. இப்போது அது எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்த வண்டிகளில் ஏறிக்கொண்டது. அந்த அதிகாரிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை எடுத்தார். "இப்பவே எல்லா டிரைவருக்கும் மெசேஜ் போட்டுடறேன். புது கார்டு பின்னாடி அடிக்கலாம். என்னன்னு போடணும், சொல்லுங்க."

வார்டின் ஓரத்தில் உயரமான மின்விசிறி ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. அதிகாரி தட்டச்சு செய்து படித்தார். "காற்றின் எதிர்த்திசையில் செல்லவும்."

"வரதா, இப்ப எந்தப் பக்கம் ஓடுவ?" என்றார் முனிரத்தினம். "அந்த ஃபேன்தான் காத்துன்னு வச்சிக்க."

வரதன் கட்டிலைவிட்டு இறங்கினார். யோசித்தார். "காத்து அங்க போவுது. அதுக்கு எதிர்ல... அது போற எடத்துக்கு எதிர்லயா, வர்ற எடத்துக்கு எதிர்லயா?" கை இரண்டு பக்கமும் போனது.

"காற்று வரும் திசையை நோக்கவும்" என்று மாற்றினார் அதிகாரி.

"நோக்கணும்னா நின்னு பாத்துகினு இருக்கணுமா? ஓட வாணாமா?"

என் முறை. "காற்றை எதிர்கொண்டு நட" என்றேன். எனக்கு அது பிடித்திருந்தது.

"எதிர்கொண்டுன்னா, மாப்ள அழைப்பு மாதிரியா அண்ணி?"

"கவித வாணாம் இங்க" என்றார் முனிரத்தினம். கட்டிலில் சாய்ந்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "காத்து உன் மூஞ்சில அடிக்கணும். அப்டியே நட. முதுகுல அடிச்சா திரும்பு."

வரதன் யாரும் கேட்பதற்கு முன்னால் திரும்பி, மின்விசிறியை நோக்கி நேராக நடந்தார்.

"மூஞ்சின்னு எப்படி சார் போடறது? ஆபீஸ் மெசேஜ்" என்றார் அதிகாரி. என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அந்த மாதிரிச் சொற்களைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியவள் நான். "அப்படியே போடுங்க" என்றேன். அவர் போட்டார். அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அவர் போனில் பதில்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. புரிஞ்சிச்சு மேடம். சரி மேடம். ஓகே. ஒருவர் மட்டும், வரதன் எப்படி இருக்கான் என்று கேட்டிருந்தார்.

வரதன் மின்விசிறிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கிழிந்த காலர் படபடத்தது. கண்ணை மூடி, வாயைத் திறந்து, காற்றை முழுசாக வாங்கிக்கொண்டிருந்தார். இருமல் நின்றிருந்தது.

செவிலியர் வந்து பார்த்தார். "அண்ணா, ஃபேன மறைச்சிகினு நின்னா மத்தவங்களுக்குக் காத்து வாணாமா? தள்ளுங்க."

வரதன் தள்ளிப்போகவில்லை. சரியான பக்கம் நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.